ஆவடித் தீர்மானமும் அரைநாள் பள்ளியும்

தோழனே!

ஆவடியிலே டாங்கி செய்பவனாக நீ இருக்கலாம். அம்பத்தூர்ப் பேட்டையிலே கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவனாக இருக்கலாம். பூந்தமல்லியிலே பொழுது புலருமுன் பேருந்துக்கு ஓடுபவனாக இருக்கலாம். யாராக இருந்தாலும் உன்னிடம் ஒரு கேள்வி. நீ நாள்தோறும் நடமாடும் இந்த வட்டாரத்திலேதான், 1955 ஜனவரியில், இந்தியாவை ஆண்ட கட்சி தன் பழைய சட்டையைக் கழற்றிப் புதிய சட்டையை மாட்டிக்கொண்டது. அந்தப் புதிய சட்டை என்னவாயிற்று?

காங்கிரசின் 60-ஆவது மாநாடு ஆவடியிலே கூடிற்று. தலைமை தாங்கியவர் தேபர். நடுநாயகமாக வீற்றிருந்தவர் பண்டித நேரு. சென்னை மாநில முதலமைச்சர் நாற்காலியிலே அன்று இருந்தவர் காமராசர். உற்பத்திக்கான முக்கியச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ, சமுதாயத்தின் கட்டுப்பாட்டிலோ இருக்கவேண்டும். செல்வம் நேர்மையாகப் பங்கிடப்படவேண்டும். அத்தகைய 'சமதர்ம பாணிச் சமுதாயம்' அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டார்கள்.

சமதர்மம் என்றா சொன்னார்கள்? இல்லை, சமதர்ம 'பாணி' என்றார்கள்! புலி என்று சொல்லத் துணிவில்லாமல், புலிவேடம் என்றார்கள். நம் இயக்கத்தார் கேலி பேசினர். மேடையிலே சமதர்மம் முழங்கிய கட்சிக்குக் கிராமத்திலே மிராசுதாரும் நகரத்திலே ஆலை முதலாளியும் தூணாக நின்றபோது, கேலி பேசாமல் வேறென்ன செய்வது?

கேலி கிடக்கட்டும், தோழனே. கட்சித் தலைவர்கள் பழைய கொள்கைக்குப் புதுப்பெயர் சூட்டுவதும், புதிய கொள்கையைப் பழைய கட்சிக்குள் புகுத்துவதும் இன்றும் நடக்கிற காரியம். அவர்களை எடைபோடத் தராசு ஒன்று வேண்டும். அந்தத் தராசைக் காமராசர் வரலாற்றிலிருந்தே எடுப்போம்.

1952 பொதுத் தேர்தலிலே சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. மக்களிடம் வாக்குக் கேட்டு வராத ஆச்சாரியார், ஆளுநரின் நியமனத்தால் மேலவைக்கு வந்து, முதலமைச்சரானார். அடுத்த ஆண்டே பிறந்தது குலக்கல்வித் திட்டம். கிராமத்துத் தொடக்கப் பள்ளியிலே பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகவேண்டும்! குயவன் மகன் சக்கரத்தடிக்கு, சலவைத் தொழிலாளி மகன் ஆற்றங்கரைக்கு! வக்கீல் மகன் எங்கே போவான்? அவன்தான் கிராமத்துப் பள்ளியிலேயே இல்லையே!

ஆச்சாரியார் அறிவில்லாதவர் அல்லர். பழமை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழுதவரும் அல்லர். 1939-ல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தவர் அவர். 1952-ல் தஞ்சைப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. கோயில் கதவு திறக்கலாம், குத்தகைக்காரனுக்குக் கொஞ்சம் காப்பு கிடைக்கலாம். ஆனால் அவனவன் பிறந்த படிக்கட்டிலேயே அவனவன் நிற்கவேண்டும். வளைந்து கொடுக்கும் பழமை என்பது இதுதான். முறைத்து நிற்கும் பழமையைவிட இதற்கு ஆயுள் அதிகம்.

அந்தப் படிக்கட்டை ஆட்டியது யார்? காங்கிரசின் காரியக் கமிட்டியா? தெருவல்லவா ஆட்டியது! பெரியாரின் திராவிடர் கழகம் ஊர் ஊராகக் கிளம்பிற்று. 1953 ஜூலையில் தி.மு.கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை குலக்கல்வி எதிர்ப்பு. அடிபட்டவர்கள், சிறை சென்றவர்கள் நம்மைப் போன்றவர்கள். அந்த அதிர்ச்சி ஆளுங்கட்சிக்குள்ளும் ஓடிற்று. ஊருக்குள் தலைகாட்ட முடியாத காங்கிரஸ் உறுப்பினர்கள், சொந்த முதலமைச்சரையே எதிர்த்து முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஆச்சாரியார் பதவியைத் துறந்தார்.

காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியின் தலைமைக்கு 1954 மார்ச்சில் போட்டி. காமராசருக்கு 93 வாக்கு. எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13-ல் காமராசர் முதலமைச்சரானார்.

பிறகு அவர் செய்த வேலையைக் கவனி. போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையிலேயே உட்கார வைத்தார். குலக்கல்வித் திட்டத்துக்காக வாதாடிய அதே சுப்பிரமணியத்தின் வாயாலேயே, 1954 மே மாதம், அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று சொல்ல வைத்தார்! எதிரியை விரட்டியிருந்தால் வெளியே நின்று வீம்பு பேசியிருப்பார். உள்ளே வைத்துக்கொண்டு உத்தரவை வாசிக்கச் சொன்னார்.

தாழ்த்தப்பட்ட சமூகத்திலே பிறந்த பரமேசுவரனை அமைச்சராக்கி, இந்து அறநிலையத் துறையையும் அவரிடமே ஒப்படைத்தார். எந்தச் சாதியான் நிழல்கூடக் கோயில் வாசலில் விழக்கூடாது என்றார்களோ, அந்தச் சாதியிலே பிறந்தவரிடம் கோயில் கணக்குப் புத்தகம்! இதற்குத் தீர்மானம் தேவைப்படவில்லை, 'பாணி' தேவைப்படவில்லை. ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது.

1956-ல் பள்ளியிலே பகலுணவு தொடங்கிற்று. பள்ளியில்லாத ஊர்களிலே பள்ளி வந்தது. கட்டணம் படிப்படியாகக் குறைந்து, பள்ளிக் கல்வி முழுவதும் இலவசமாகும் நிலை வந்தது. அரைநாள் பள்ளி முழுநாள் பள்ளியாயிற்று. முழுநாள் பள்ளியிலே சோறும் வந்தது.

உன் ஊருக்கும் வந்தது, தோழனே. 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டை. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஆவடியில் டெல்லி அரசு 1961-ல் தொடங்கிய கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது. ஏர் பிடித்தவன் மகன் டாங்கிக்குப் பற்றவைப்பு செய்தான். தகப்பன் தொழிலைப் பழகச் சொன்ன திட்டத்துக்கு அதைவிடச் சரியான மறுப்புரை எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை!

இத்தனைக்கும் பிறகு, ஆவடியிலே போட்ட தீர்மானத்தின் உயிரான நிலப்பங்கீடு என்னவாயிற்று? 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. குடும்பத்துக்கு 30 தர ஏக்கர். சட்டத்திலே ஓட்டைகளும் வந்தன. அந்த ஓட்டைகள் வழியாகப் பண்ணைகள் பத்திரமாகத் தப்பித்தன. பள்ளியிலே வென்ற காமராசர் வயலிலே ஏன் வெல்லவில்லை? பள்ளியைத் திறந்தபோது எதிர்த்தவர்கள் குறைவு, ஆதரித்த தெரு பெரிது. வயலிலே கை வைத்தால் கட்சியின் தூணே சாயும். கொள்கையை மாற்றினார், தூணை மாற்றவில்லை.

டெல்லி ஆவணங்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஆச்சாரியாரின் காலடித் தடத்தைப் பின்தொடர்ந்தாலே இது விளங்கும். 1959-ல் நாகபுரி மாநாட்டிலே கூட்டுறவுப் பண்ணை என்று காங்கிரஸ் பேசியதும், அதே ஆண்டில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிவிட்டார். பழமை, பழைய வீட்டிலே இடம் குறைந்ததும் தனி வீடு பார்த்தது. அந்த அளவுக்குக் காமராசரும் நேருவும் வெற்றி பெற்றார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் 1963-ல் கட்சிப் பணிக்கென்று காமராசர் பதவியை விட்டு விலகியதும் வந்தவர் பக்தவத்சலம். 1965-ல் மொழிக்காகக் கிளம்பிய மாணவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கி. 1967-ல் கிடைத்தது தீர்ப்பு. 1969-ல் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. 1971 தேர்தலிலே காமராசரின் பழைய காங்கிரசும் ஆச்சாரியாரின் சுதந்திராவும் ஒரே கூட்டணியில்! ஆவடியிலே கழற்றிய சட்டை, பதினாறு ஆண்டுக்குப் பின் மீண்டும் தோளிலே! கேலிக்காகச் சொல்லவில்லை, வேதனையோடு சொல்கிறேன். அந்தத் தேர்தலிலே மக்கள் கழகத்துக்கு 184 இடம் தந்தார்கள்.

"1967-ல் உங்கள் கழகமும் ஆச்சாரியாரோடு கைகோத்ததே?" என்று நீ கேட்பாய். கேட்கத்தான் வேண்டும். கேட்காத தொண்டன் கட்சிக்குக் கொடிக்கம்பம். கேட்கிறவன்தான் கட்சிக்கு முதுகெலும்பு. ஆம், கைகோத்தோம். ஆனால் யார் யாரை இழுத்தார்கள் என்று பார். அறிஞர் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணம் சட்டமாயிற்று. 1970-ல் கலைஞர் ஆட்சியில் உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15-ஆகக் குறைந்தது. இவை சுதந்திராவின் கொள்கைகளா? கூட்டணி என்பது வண்டியிலே இடம் கொடுப்பது, கடிவாளத்தைக் கொடுப்பதல்ல. இந்த அளவுகோல் அன்றைய கழகத்துக்கு மட்டுமல்ல, எந்நாளும் நமக்கும் உண்டு.

இனி இன்றைக்கு வருவோம்.

1991-ல் அதே காங்கிரஸ், புதிய தொழிற்கொள்கை என்ற பெயரால் ஆவடித் தீர்மானத்தை ஓசையில்லாமல் மடித்து வைத்தது. பின்னர் வந்த பா.ஜ.க. ஆட்சி, 2021 அக்டோபர் 1-ல், நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக்கிற்று. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய முடியாதபடி, அதற்கு முன்பே ஜூன் மாதத்தில் அவசரச் சட்டம் வந்துவிட்டது. அந்த ஏழில் ஒன்றின் தலைமையிடம் ஆவடி! சமுதாய உடைமை என்று சூளுரைத்த ஊரிலேயே கம்பெனிப் பலகை! டெல்லிக் கூட்டணிகளிலே நாமும் அமர்ந்த ஆண்டுகள் உண்டு; ஆகவே இந்தக் கணக்கிலே நம் பங்கையும் கேட்கும் உரிமை உனக்கு உண்டு.

குலக்கல்வி மட்டும் செத்துவிட்டதா? 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டம் தொடங்கிற்று. தச்சர், கொல்லர், குயவர், முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர் என 18 கைத்தொழில்கள். கடன் தருகிறார்கள், கருவி தருகிறார்கள், பயிற்சி தருகிறார்கள். கைத்தொழிலாளிக்குக் கடன் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. ஆனால், குடும்ப வழியாக வந்த பாரம்பரியத் தொழில் என்ற அடிப்படை எதற்கு? வயது 18 ஆனாலே போதும் என்பது எதற்கு? பதினெட்டு வயது, பிள்ளை கல்லூரி வாசலிலே நிற்கும் வயதல்லவா! 1953-ல் தொடக்கப் பள்ளி வாசலிலே மறித்த கை, 2023-ல் கல்லூரி வாசலிலே நீளுகிறது. அன்று கட்டளை, இன்று கடன்.

குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஏற்கப்படாதபோது, இப்போதுள்ள வடிவில் இத்திட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதிற்று. பூந்தமல்லிக்குப் பக்கத்திலே உள்ள குன்றத்தூரில், 2025 ஏப்ரலில், கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. 25 தொழில்கள், வயது 35 நிரம்பியிருக்கவேண்டும், சாதியும் வேண்டாம், தகப்பன் தொழிலும் வேண்டாம். கற்க வேண்டிய வயதிலே கல்லூரி, தொழிலில் ஊன்றிய வயதிலே கடன். வேற்றுமை அவ்வளவுதான், ஆனால் அந்த வேற்றுமைக்குள்ளேதான் ஒரு தலைமுறையின் தலையெழுத்து இருக்கிறது.

ஆகவே தோழனே, எந்தத் தலைவர் புதுக்கொள்கை பேசினாலும், அவர் நம் தலைவராகவே இருந்தாலும், மூன்று கேள்வி கேள். சொல் மாறிற்றா, செலவுக் கணக்கு மாறிற்றா? நாற்காலியிலே புதிதாக யார் உட்கார்ந்தார்கள்? கட்சியைத் தாங்கும் தூண் மாறிற்றா, பழைய தூணுக்கே புதுச் சாயம் பூசினார்களா? காமராசர் முதலிரண்டிலும் தேறினார், மூன்றாவதிலே தடுக்கினார். தடுக்கியதால் அவர் சிறியவர் ஆகிவிடவில்லை. அவர் பிறந்த ஜூலை 15-ஐக் கல்வி வளர்ச்சி நாள் என்று 2006-ல் அறிவித்தது கழக ஆட்சிதானே!

வண்டியைத் திருப்பியவர் காமராசர். திருப்பச் சொல்லி வழிமறித்தது தெரு. தெரு கலைந்து வீட்டுக்குப் போனபோதெல்லாம் வண்டி பழைய தடத்துக்கே திரும்பிற்று. நாளைக் காலை சங்கு ஊதும்போது நீ ஆலைக்குப் போ. உன் மகனும் மகளும் கல்லூரிக்குப் போகட்டும். மாலையிலே, மறவாமல், தெருவுக்கு வா!