வாடகை பேசுமுன் டயரைப் பாருங்கள்

சொந்த டிராக்டர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் மிகச் சிலரே. பெரும்பாலோர் மணிக் கணக்கில் வாடகை கொடுத்துத்தான் உழவு செய்கிறார்கள். வாடகை பேசும்போது வண்டியின் குதிரைசக்தியைக் கேட்கிறார்கள், கலப்பையைக் கேட்கிறார்கள், பின் டயர் எந்தத் திசையில் மாட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. மாடு வாங்கும்போது பல்லையும் சுழியையும் குளம்பையும் பார்த்து வாங்குகிற விவசாயி, டிராக்டரின் குளம்பாகிய டயரைப் பாராமல் விடுவது சரியல்ல.

பின் டயரில் புடைத்து நிற்கும் ரப்பர் பட்டைகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. இரு பக்கப் பட்டைகளும் நடுவில் சரிந்து வந்து அம்பு முனை போல் நெருங்குகின்றன. டயர் முன்னோக்கி உருளும்போது இந்த முனைதான் முதலில் மண்ணில் பதிய வேண்டும். அப்போது பட்டைகளுக்கு இடையில் சிக்கும் சேறு நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் தள்ளப்பட்டு வெளியேறும். அடுத்த சுற்றில் பட்டை மறுபடியும் சுத்தமாக மண்ணைக் கவ்வும். டயரைத் திருப்பி மாட்டினால் நேர்மாறாக நடக்கிறது. சேறு நடுவில் திரண்டு அப்பிக்கொள்ளும். பட்டைகள் மறைந்து டயர் வழவழப்பாகிவிடும். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. காய்ந்த கட்டாந்தரையில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. மழைக்குப் பின் ஈரக் களிமண்ணில்தான் இது வெளிப்படும்.

சரிபார்ப்பது எளிது. டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அது அழிந்திருந்தால் டிராக்டரின் பின்னால் நின்று பார்க்க வேண்டும். பட்டைகளின் முனை ஓட்டு வீட்டின் முகடு போல மேல்நோக்கி இருந்தால் சரி. கீழ்நோக்கி இருந்தால் தவறு. முன்னால் நின்று பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும்.

இந்தத் தவறு நேரும் சந்தர்ப்பங்கள் மூன்று. பஞ்சர் ஒட்டியபின் ரிம்மில் டயரைத் திருப்பிப் போடுவது முதலாவது. தேய்மானத்தைச் சமப்படுத்த இடது, வலது சக்கரங்களை அப்படியே மாற்றுவது இரண்டாவது. சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தைக் கூட்டவோ குறைக்கவோ, சக்கரத்தின் உட்புறம் வெளியே வருமாறு அதே பக்கத்தில் திருப்பி மாட்டுவது மூன்றாவது. இப்படித் திருப்பும்போது பக்கத்தையும் மாற்றினால்தான் திசை சரியாக இருக்கும். இரண்டு டயரும் தலைகீழாக இருந்தால் சக்கரங்களைப் பக்கம் மாற்றினாலே போதும். ஒன்று மட்டும் தவறாக இருந்தால் அந்த டயரைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும்.

சக்கரம் வழுக்குவதால் வரும் நஷ்டத்தைக் கணக்கிட ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். பின் டயரில் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு உழுதுகொண்டே அதே 10 சுற்றின் தூரத்தை அளக்க வேண்டும். முன்னது 40 மீட்டர், பின்னது 34 மீட்டர் என்றால் வழுக்கல் 15 சதவீதம். உழவில் இந்த அளவு வரை ஏற்கலாம். அதே தூரம் 28 மீட்டர் என்றால் வழுக்கல் 30 சதவீதம். அப்போது ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய உழவுக்கு ஏறத்தாழ 73 நிமிடம் ஆகும். அந்த 13 நிமிடத்துக்கும் வாடகை கொடுப்பவர் சிறு விவசாயியே. வண்டிக்காரருக்கும் இதில் லாபமில்லை; டீசலும் டயரும் வீணாகின்றன.

வழுக்கலுக்குத் திசை ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. தேய்ந்த பட்டையும், அளவுக்கு மிஞ்சிய காற்றும், பின்பாரம் போதாமையும் காரணங்களே. சேற்று உழவுக்கு எந்த டயரும் தனியாகப் போதாது. கேஜ் வீல் வேண்டும். ஆனால் பட்டை தேய்ந்தால் புது டயர் வாங்கப் பெரும் பணம் வேண்டும். திசையைச் சரி செய்ய ஜாக்கியும் ஸ்பானரும் சிறிது உழைப்பும் போதும். செலவில்லாத இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு, இன்னும் பெரிய டிராக்டர் வேண்டும் என்று தேடுவது வீண்.

டிரெய்லர் இழுத்துச் சாலையிலேயே ஓடும் வண்டிக்கு டயர் எப்படி இருந்தாலும் பெரிய குறை தெரியாது. அதே வண்டி வயலில் இறங்கி மணிக்கு இவ்வளவு என்று கேட்கும்போது, டயர் வயலுக்கு ஏற்றபடி இருப்பதே நியாயம். பவர் டில்லரின் ரப்பர் சக்கரங்களுக்கும் இது பொருந்தும்.

எனவே வாடகை டிராக்டர் வரப்போரம் வந்து நின்றதும் விவசாயி ஒருமுறை பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும். முனை கீழ்நோக்கி இருந்தால், உழவு தொடங்குமுன் மாற்றச் சொல்லலாம். இல்லையேல் மணிக் கணக்கை விட்டு ஏக்கர் கணக்கில் வாடகை பேசலாம். இப்படிக் கேட்பது சண்டைக்கு இழுப்பதாகாது. கொடுக்கிற காசுக்கு உழவு கேட்கும் உரிமை அது.