சாவி அதேதான், பூட்டுதான் மாறிவிட்டது

முனிர்கா டிடிஏ ஃப்ளாட்டில் எனக்கு மேல்மாடியில் குடியிருப்பவர் மத்திய அரசில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 74. கும்பகோணத்துக்காரர். தில்லிக்கு வந்து அரை நூற்றாண்டாகிறது. பழைய சம்பளக் கமிஷன் விகிதங்களை இன்றும் மனப்பாடமாக ஒப்பிப்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு ராத்திரி என் கதவைத் தட்டி, தணிந்த குரலில் சொன்னார்: "தம்பி, எனக்கு மறதி ஆரம்பிச்சுடுச்சு போல. மாமிகிட்ட சொல்லிடாதீங்க."

பென்ஷன் வரும் பேங்க், வருமான வரி, ரயில் டிக்கெட், பேரனின் ஸ்கூல் ஃபீஸ் என்று நாற்பது சொச்சம் பாஸ்வேர்டுகளை ஒரே ஃபைலில் பூட்டி வைத்திருக்கிறார். அதைத் திறக்க ஒரு தலைமைப் பாஸ்வேர்டு. எட்டு வருடமாக அதேதான். அன்று சாயங்காலம் மொபைலில் அடித்தால், சாவி தவறு அல்லது ஃபைல் கெட்டுவிட்டது என்று பதில் வருகிறது. பதினோரு முறை முயன்றிருக்கிறார். கடைசியில் தன் ஞாபகத்தையே சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டார்.

"யாராவது கம்ப்யூட்டரைத் தொட்டாங்களா சார்?" என்று கேட்டேன். தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன், "அப்பா, பழசை வச்சுக்கிட்டு இருக்கீங்களே" என்று தன் லேப்டாப்பில் புதிய வெர்ஷனைப் போட்டு, பாதுகாப்பைக் கூட்டிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறான். லேப்டாப்பும் கூடவே போய்விட்டது. மாறிய ஃபைல் மட்டும் இன்டர்நெட் வழியாக அப்பாவின் மொபைலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே இருந்ததோ பல வருடமாகப் புதுப்பிக்கப்படாத ஒரு செயலி.

இந்த வகை ஃபைலுக்கு மூலம் கீபாஸ். டொமினிக் ரைக்ல் என்ற ஜெர்மானியர் 2003-இல் இலவசமாக வெளியிட்ட சாஃப்ட்வேர். அதன் ஃபைல் அமைப்பு ரகசியம் அல்ல என்பதால் வேறு பலரும் அதைப் படிக்கும் செயலிகளை எழுதினார்கள். அனுகூலம், தொல்லை இரண்டுக்கும் அதுதான் காரணம். அமைப்பு மாறும்போது எல்லாச் செயலிகளும் ஒரே நாளில் மாறுவதில்லை. 2017 ஜனவரியில் வந்த 2.35 வெர்ஷனில் கேடிபிஎக்ஸ் 4 என்ற புதிய அமைப்பு வந்தது. ஃபைலின் தலைப்பில், பூட்டப்படாத பகுதியில், இது எத்தனையாவது அமைப்பு என்று ஓர் எண் இருக்கும். பழைய செயலிக்கு அந்த எண் புரியாது. 'எனக்குத் தெரியாத அமைப்பு' என்று ஒழுங்காகச் சொல்பவையும் உண்டு. சில, பழியைப் பாஸ்வேர்டின் மேல் போட்டுவிடும். எழுபதைத் தாண்டியவரிடம் இப்படிச் சொல்வது அநியாயம் என்பது என் கட்சி.

அப்படியானால் மகன் செய்தது தப்பா? இல்லை. அவன் தேர்ந்தெடுத்தது ஆர்கான்2 என்ற முறை. பாஸ்வேர்டிலிருந்து சாவியைத் தயாரிக்கும் வேலையை வேண்டுமென்றே மெதுவாகவும், நிறைய மெமரி தேவைப்படும்படியும் ஆக்குவது அது. திருடன் நொடிக்கு லட்சக்கணக்கில் ஊகித்துப் பார்க்க முடியாது. 2015-இல் இதற்காகவே நடந்த சர்வதேசப் போட்டியில் ஜெயித்த முறை. பழைய பூட்டோடு இருந்தால் என்னவாகும் என்பதற்கு லாஸ்ட்பாஸ் உதாரணம். 2022-இல் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் அங்கே திருடு போயின. புதியவர்களுக்குச் சாவி தயாரிப்பு 1,00,100 சுற்று ஓடியது. பழைய கணக்குகள் பலவற்றில் 5,000 சுற்றோ அதற்கும் குறைவோதான். யாரும் அவற்றைத் தானாக உயர்த்தி வைக்கவில்லை.

மொபைல் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. லேப்டாப் தாராளமாகக் கொடுக்கும் மெமரியைச் சின்ன மொபைலால் கொடுக்க முடியாது. புதிய செயலியே இருந்தாலும் அங்கே திணறும்.

ஃபைலைப் பென் டிரைவில் பிரதி எடுத்து, என் லேப்டாப்பில் புதிய கீபாஸ்எக்ஸ்சியில் திறக்கச் சொன்னேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அவுட்டர் ரிங் ரோட்டின் ஹாரன்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் கீபோர்டில் நிதானமாக விரல் தட்டும் சத்தம். பிறகு நிசப்தம். "தம்பி..." என்றார். முதல் முயற்சியிலேயே திறந்துவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் பத்து நிமிஷ வேலை. பாதுகாப்பு செட்டிங்கில் ஃபைல் அமைப்பை கேடிபிஎக்ஸ் 3 ஆக்கி, வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்தோம். மொபைலில் திறந்தது. அதை நிரந்தரமாக்க நான் விடவில்லை. மறுநாள் மொபைலில் புதிய அமைப்பைப் படிக்கும் செயலியைப் போட்டு, மெமரி அளவைக் குறைத்து, மகனின் ஃபைலே அதில் திறக்கிறது என்று பார்த்த பிறகுதான் அந்தப் பழைய பிரதியை அழித்தோம். பதற்றத்தில் அவர் முதல் நாளே மொபைலிலிருந்து ஃபைலை நீக்கப் போயிருக்கிறார். நீக்கியிருந்தால் அதே இன்டர்நெட் வழியாக மகனின் லேப்டாப்பிலிருந்தும் போயிருக்கும்.

மாடிப்படியில் ஏறப் போனவர் நின்று திரும்பி, ஐந்தாவது சம்பளக் கமிஷன் எந்த வருடத்திலிருந்து அமலானது தெரியுமா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "1-1-1996" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.