வைத்தியமும் சட்டமும் ஒரே வகுப்பில்

உலக சுகாதார ஸ்தாபனம் 1948 ஏப்ரல் 7-ஆம் தேதி உதயமாயிற்று என்பதும், அதன் தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது என்பதும் நம் வைத்திய மாணவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் செய்திகள். அந்த ஸ்தாபனத்தின் சபையில் தேசங்களுக்கிடையே நடைபெறும் வழக்குகளோ அவர்கள் பாடத்தில் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. உலக சுகாதார நிர்வாகத்தைப் பற்றிய ஆராய்ச்சியும் போதனையும் ஜெனீவா, லண்டன், பாஸ்டன் நகரங்களின் சர்வகலாசாலைகளுக்கே உரியவை என்று நாம் ஒதுங்கியிருப்பது விவேகமாகாது; வைத்திய மாணவரும் சட்ட மாணவரும் ஒருங்கே அமர்ந்து கற்கும் பாடமாக அது இங்கும் இடம்பெற வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இந்தோனேஷியாவின் வழக்கை எடுத்துக்கொள்வோம். பறவைக் காய்ச்சலுக்குப் பலரைப் பலிகொடுத்து வந்த அந்நாடு, 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிருமி மாதிரிகளை உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்ப மறுத்தது. தாம் இனாமாக அனுப்பிய கிருமியைக் கொண்டு ஆஸ்திரேலியக் கம்பெனியொன்று தடுப்பூசி தயாரிக்க முற்பட்டதும், அந்த ஊசியைத் தம் ஜனங்களே விலை கொடுத்து வாங்க நேரிடும் என்பதும் சுகாதார மந்திரி சிதி ஃபாதிலா சுபாரியின் ஆட்சேபம். உலகத்தை ஆபத்துக்குள்ளாக்கும் பிடிவாதம் என்று பழித்தவர் உண்டு. ஆயினும் அந்தப் பிடிவாதத்தின் பயனாகவே, கிருமியைப் பெறும் கம்பெனிகள் பணத்தாலும் மருந்தாலும் பிரதி செய்யக் கடமைப்பட்ட ஏற்பாடு 2011 மே மாதத்தில் உருவாயிற்று. அதுவும் இன்ஃபுளுயன்ஸாவுக்கு மாத்திரம் பொருந்துமாறு எழுதப்பட்டிருந்தமையால், 2020-ல் கொரோனா பரவியபோது கைகொடுக்கவில்லை. 124 நாடுகள் ஆதரிக்க, எதிர்த்து ஒரு வாக்குமின்றி 2025 மே மாதத்தில் தேறிய பெருந்தொற்று ஒப்பந்தத்திலும், கிருமிக்கு ஈடாக மருந்து பெறும் முறையின் விவரங்கள் பிற்சேர்க்கைக்கென்று ஒத்திவைக்கப்பட்டன.

வைத்தியப் படிப்பின் பாரம் ஏற்கெனவே மிகுதி, இதையும் சுமத்தலாமா என்று கேட்போர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அடுத்த கொள்ளைநோய் வேறொரு கிருமிக் குலத்திலிருந்து வரக்கூடும் என்பதை அறிந்தவர் வைத்தியர். ஷரத்தின் எல்லை சுருங்கினால் கடமையும் சுருங்கிவிடும் என்பதை அறிந்தவர் வக்கீல். இவ்விருவரும் கலந்து பேசப் பழகாத தேசத்தின் பிரதிநிதிகள், பிறர் எழுதிவைத்த வாசகத்துக்குக் கையெழுத்திடுவதோடு நிற்க வேண்டியதுதான்.

இத்துறை நமக்கு எட்டாததன்று. 27 ஆண்டுகள் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த டாக்டர் லட்சுமணசுவாமி முதலியார், உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவுக்கும், 1961-ல் டெல்லியில் கூடிய அதன் மகாசபைக்கும் தலைமை வகித்தவர். ஒருவருடைய மேதையில் நின்ற அந்த ஞானம் பல்லாயிரவருக்குப் பாடமாக வேண்டாமா? தமிழ்நாட்டின் மருத்துவப் பல்கலைக்கழகமும் சட்டப் பல்கலைக்கழகமும் சென்னையிலேயே இருக்கின்றன. அவையிரண்டும் சேர்ந்து, இந்தோனேஷிய வழக்கையே முதற்பாடமாகக் கொண்டு, வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம். புதிய கட்டடம் வேண்டியதில்லை. இரு துணைவேந்தர்களின் சம்மதமும் ஒரு பருவ அவகாசமும் போதும்.