அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சோழபுரம் வட்டாரத்தில் நோன்பு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மார்கழி பிறந்துவிட்டால் ஆண்டாளின் ஊரில் விடியுமுன்பே திருப்பாவை ஒலிக்கிறது. அதன் இரண்டாம் பாசுரம் நோன்பிருக்கும் பெண்களுக்கு வகுத்த கட்டுப்பாடுகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நெய்யையும் பாலையும் விலக்குகிறார்கள். கண்ணுக்கு மையும் கூந்தலுக்குப் பூவும் வேண்டாம் என்கிறார்கள். அதே மூச்சில் கோள் சொல்வதையும் விலக்கி, ஈகையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வயிற்றுக்கு வைத்த காவல் வாய்க்கும் கைக்கும் சேர்த்தே வைக்கப்படுகிறது. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு இந்தச் சாலை வழியாகச் செங்கோட்டை நோக்கிப் போகும் ஐயப்ப பக்தர்களும் அதையே வேறு விதத்தில் கைக்கொள்கிறார்கள். ஏறக்குறைய அதே நாள்களில்தான் இங்குள்ள கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் காலம் வருகிறது. சில வாரங்கள் கழித்து லெந்து என்னும் நாற்பது நாள் தவக்காலம் வருகிறது. ஆகவே, பாவத்துக்கு எதிராக விழித்திரு, இச்சையை அடக்கு என்று வேதாகமம் சொல்வது இந்த மண்ணுக்கு அந்நியமான பேச்சே இல்லை. ஆனால் கிறிஸ்தவனுக்கு மாலையைக் கழற்றுகிற நாள் என்று ஒன்று கிடையாது. பேதுருவும் பவுலும் தங்கள் நிருபங்களில் கேட்கிற தெளிந்த புத்தியும் இச்சையடக்கமும் விழிப்பும் மண்டலக் கணக்கில் முடிவதில்லை. ஞானஸ்நானத்தில் தொடங்கிக் கல்லறை வரை போகும் நோன்பு அது.

இந்த நோன்பைப் பற்றிய பேச்சுக்கு நம் சபைகளில் குறைவில்லை. கன்வென்ஷன் கூட்டங்களிலும் உபவாசக் கூட்டங்களிலும் பாவத்தைப் பற்றிய எச்சரிக்கை தொண்டை வறளும் அளவுக்கு முழங்குகிறது. எந்தப் பாவம் என்று கேட்டுப் பார்த்தால் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: சினிமா, குடி, செல்பேசி, இளம்பெண்களின் உடை. இவற்றில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கும் மாநிலம் இது. அதில் வரும் ஆண்டு வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. குடியை எதிர்த்துப் பேசுகிற பிரசங்கியாரைப் பழமைவாதி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. என் வருத்தம் வேறு. நம் விழிப்பு பின்வாசலில் காவல் நிற்கிறது. சாதியும் வரதட்சணையும் பதவிக்குப் புரளும் பணமும் மாலையோடும் மேளத்தோடும் முன்வாசல் வழியாக உள்ளே வருகின்றன. கிறிஸ்தவ ஒழுக்கம் மறுபடி மரியாதை பெற வேண்டுமானால் காவல் வாசல் மாற வேண்டும்.

தென் மாவட்டத்துச் சபைகளின் ஒழுக்கம் தொடக்கத்தில் எதில் வேர்விட்டது என்பதற்கு அடுப்படியில் ஒரு சாட்சி இருக்கிறது: கைப்பிடி அரிசி. உலை கொதிக்கிறது, வீட்டில் உள்ள தலைகளை எண்ணி அரிசியை அளந்தாகிவிட்டது, அளந்ததிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து மூலையில் இருக்கும் சிறு பானையில் போடுகிறார் அந்த அம்மா. வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போய்க் காணிக்கையாகிறது. மூட்டையிலிருந்து தனியாக எடுத்திருந்தால் அது வெறும் தானம். அளந்த பிறகு எடுப்பதால் அன்று யாரோ ஒருவருடைய சோற்றில் ஒரு பிடி குறைகிறது, பெரும்பாலும் எடுத்தவருடைய சோற்றில்தான். மிசோரம் சபைகள் 1910 முதல் இந்த வழக்கத்தைக் கைக்கொண்டு, அதன் பலத்தில் பள்ளிகளையும் ஊழியங்களையும் நடத்தி வருகின்றன. 1903-இல் பாளையங்கோட்டையில் அசரியா என்ற தமிழ் ஊழியரும் அவருடைய தோழர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, பணமும் ஆளும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று துணிந்ததற்கு, இப்படிச் சின்னச் சின்னதாகத் தன்னையே குறைத்துக்கொள்ளப் பழகியிருந்த எளிய வீடுகள்தான் ஆதாரம். இச்சையடக்கம் என்று வேதாகமம் சொல்வதை இதைவிட நெருக்கமாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அது நாள்தோறும் நடக்கிறது, சிறியதாக இருக்கிறது, பார்க்க ஆளில்லை, அடுத்தவரைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை.

இந்தக் கரிசல் பூமிக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த வடதிருநெல்வேலியில் 1854-இல் ராக்லண்ட் என்ற மிஷனரி, பென், மெடோஸ் என்ற இரு தோழர்களோடு கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் நான்காம் இடம் பெற்றவர், சென்னையில் சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தின் செயலாளராக நிழலில் இருந்து வேலை பார்த்தவர். நாற்பதை நெருங்கும் வயதில் வெயிலையும் கூடாரத்தையும் தேர்ந்துகொண்டார். தெற்கே வேரூன்றிய சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அவருக்குத் துணையாக அனுப்பின. 1858 அக்டோபரில், 43 வயதில், சிவகாசியில் இறந்தார். நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியைப் பற்றி இயேசு சொன்னதை ஊழியத்தின் திட்டமாகவே ஏற்றுக்கொண்டவர் அவர். வெள்ளைக்கார மிஷனரிகள் எல்லோரையும் புனிதர்களாக்கும் எண்ணம் எனக்கில்லை; ஆட்சியின் நிழலில் வந்தவர்கள் என்ற உண்மையும் மறையாது. ஆனால் கண்டிப்பு என்பதை அவர் முதலில் யாரிடம் காட்டினார் என்பதைப் பார்க்க வேண்டும். தன் வசதி, தன் பெயர், தன் பதவி ஆகியவற்றிடம். இன்று கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர்களில் எத்தனை பேரிடம் அந்த வரிசை இருக்கிறது?

விழிப்பு எவ்வளவு எளிதாக ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் என்பதற்கும் நம் வரலாற்றில் சான்று இருக்கிறது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சாதி வழக்கங்களைக் காக்க எழுதியவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்தவர் அவர். அவருடைய பக்தியைச் சந்தேகிக்க யாருக்கும் உரிமையில்லை. அப்பேர்ப்பட்டவருக்கே பந்தியில் தனித்தனியாக உட்காருவது பாவமாகத் தெரியவில்லை. கத்தோலிக்கர் பக்கத்தில் வடக்கன்குளத்தைப் பார்க்கலாம். 1872-இல் கட்டிய கோயிலில் இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண்பதற்காகப் பீடத்திலிருந்து இரண்டு கிளைகளாகப் பிரியும்படி கட்டடத்தையே அமைத்தார்கள். 1910-இல் பிரிவினைச் சுவரைப் பங்குச் சாமியார் அகற்றியபோது, சுவர் வேண்டும் என்றவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய் வழக்காடித் தோற்றார்கள். நூறாண்டு கழித்தாவது தெளிந்தோமா என்றால், 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் பாகுபாடு தாங்காமல் தனிப் பங்கு கேட்டபோது கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்து இரண்டு உயிர்கள் போயின. அது தவக்காலம். ஊரில் இறைச்சியை விலக்கியிருந்த வீடுகள் எத்தனையோ இருந்திருக்கும்.

சாதியாவது பேசப்படுகிறது. வரதட்சணையைப் பற்றிய மௌனம் இன்னும் கெட்டியானது. நம் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், தடை ஏதேனும் இருந்தால் அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று குருவானவர் கேட்கிறார். சபை அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், எந்தக் கார் என்பது கடைசி பெஞ்சில் இருப்பவர் வரைக்கும் தெரியும். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. பத்துக் கட்டளைகளில் பிறருடைய பொருளை இச்சியாதே என்பதும் ஒன்று. ஆனால் தடை என்று சபை நினைப்பது வேறொரு திருமணமோ நெருங்கிய உறவோதான். விலை பேசியது தடையாக யாருக்கும் தோன்றுவதில்லை. மணமகள் தலையில் பூ வைக்கலாமா கூடாதா என்று மணிக்கணக்காக வாதிடும் சபைகள்கூட, அவள் வீட்டை அடமானம் வைத்து நடக்கும் கல்யாணத்தைக் கண்டும் காணாமல் ஆசீர்வதிக்கின்றன.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1947-இல் பல சபைகள் ஒன்றாகி உருவான தென்னிந்தியத் திருச்சபை உலகத்துக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்டது. அதே திருச்சபையின் தலைமை மன்றமான சினாட்டின் நிர்வாகத்தைக் கவனிக்க 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற இரண்டு நீதிபதிகளை நியமித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. திருமண்டலத் தேர்தல் வந்தால் அணி, வாகனம், சாப்பாடு, செலவு என்று ஊராட்சித் தேர்தலுக்கு ஈடாக நடக்கிறது. பள்ளி வேலைக்குப் பணம் கைமாறுகிறது என்ற குற்றச்சாட்டு ஊரறிந்தது. உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் மக்களின் வரிப்பணம் என்பதால், இது கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. சகோதரர்கள் வெளியார் முன் வழக்காடக் கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை, கணக்குக் கேட்பவர்களின் வாயை அடைக்கச் சிலர் பயன்படுத்துகிறார்கள். சபைக்குள் கேட்க வழியிருந்தால் அந்த அறிவுரை நியாயம். வழியெல்லாம் அடைத்துவிட்டு அதைச் சொல்வது, திருடன் காவல்காரனைச் சமாதானமாக இருக்கச் சொல்வது போலத்தான்.

இதற்கு விசுவாசிகளிடமிருந்தே ஒரு மறுப்பு வரும். இரட்சிப்பு கிருபையினால் கிடைப்பது. நெறி, கட்டுப்பாடு, கணக்கு என்று பேசத் தொடங்கினால் மறுபடி நியாயப்பிரமாணத்துக்கே போய்விடுவோம் என்பார்கள். இது லேசான மறுப்பு இல்லை. சொந்த ஒழுக்கத்தைக் காட்டிக் கடவுளிடம் வரவு வைக்கப் பார்ப்பதுதான் பரிசேயனின் நோய். ஆனால் கிருபையைப் பற்றி அத்தனை எழுதிய பவுலே தீத்துவுக்கு எழுதும்போது, அந்தக் கிருபையை ஆசிரியராகக் காட்டுகிறார். அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழ அது கற்றுத்தருகிறது என்கிறார். கடன் தள்ளுபடி ஆனவன் மறுநாளே வட்டிக்கடை வைத்தால், அவன் தள்ளுபடியைப் புரிந்துகொள்ளவில்லை என்றுதானே ஊர் சொல்லும்? கைப்பிடி அரிசி எடுத்த அம்மா அந்தப் பிடியால் மோட்சம் வாங்கப் பார்க்கவில்லை. பெற்றதற்கு நன்றியாகத்தான் எடுத்தார்.

இளைஞர்களின் மறுப்பு வேறு மாதிரி. விழிப்பு என்ற பெயரில் சபை எங்களை வேவு பார்க்கிறது, முகத்தில் சிரிப்பில்லாத பக்தி எங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள். இதில் பாதிக்கு மேல் உண்மை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டுப்பாட்டின் பாரம் பெண்கள் மேலும் ஏழைகள் மேலும் இறங்கியது. வசதியுள்ளவர்களின் வாசலில் அது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. குடித்துவிட்டு வந்த கூலிக்காரரை நற்கருணையிலிருந்து நிறுத்திய கைகள், வட்டிக்கு விட்டு வளர்ந்தவரிடம் நன்கொடை வாங்கிக் கல்லில் பெயர் பொறித்தன. ஆனால் இளைஞர்கள் கண்ட இந்த அநீதி இச்சையடக்கத்தால் வந்ததில்லை, அது இல்லாததால் வந்தது. அதிகாரம் உள்ளவர் தன் இச்சையை அடக்காதபோதுதான் அடுத்தவர் இச்சையை அடக்கும் வேலையில் இறங்குகிறார். சந்தோஷத்தைப் பற்றியும் ஒன்று: கலாத்தியர் நிருபத்தில் ஆவியின் கனி ஒன்பது பெயர்களில் எண்ணப்படும்போது சந்தோஷம் இரண்டாவதாகவும் இச்சையடக்கம் கடைசியாகவும் வருகின்றன. இரண்டும் ஒரே கனி. நம் ஊர்களின் அசனப் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அண்டா அண்டாவாகச் சோறு வேகிறது, பணக்காரரும் ஏழையும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். அந்த வரிசையில் தனக்கென்று தனி இடம் கேட்காமல் உட்காருவதற்கு அடக்கம் வேண்டும். சிரிப்பும் அங்கேதான் இருக்கிறது.

பெரிய சீர்திருத்தங்கள் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நற்கருணைக்கு முந்தின மாலையில் ஆயத்த ஆராதனை நடத்தும் வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. அவரவர் தம்மைச் சோதித்துக்கொள்ளும் நேரம் அது. அங்கே பாவ அறிக்கைக்கு முன்னால் அந்த மாத வரவு செலவை வரி வரியாக வாசிக்கலாம்: சங்கக் காணிக்கை எவ்வளவு, கட்டட நிதி எவ்வளவு, யாருக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது. முதல் ஓலை வாசிக்கும் முன் இரண்டு வீட்டாரையும் அழைத்து, கேட்கவும் இல்லை கொடுக்கவும் இல்லை என்று குருவானவர் முன் கையெழுத்து வாங்கலாம். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை இருந்தால் அந்த வேலியை லெந்து முடியுமுன் பிரித்துவிடலாம். இதற்கெல்லாம் பெருமன்றத் தீர்மானம் வேண்டாம், சினாட்டின் அனுமதி வேண்டாம். ஒரு சேகரக் கமிட்டி துணிந்தால் போதும். கணக்கை வாசிக்கும் வேலையைப் பொருளாளரிடம் விடாமல், சபையில் கைப்பிடி அரிசிப் பானை வைத்திருக்கும் அம்மாக்களில் ஒருவரிடம் கொடுங்கள்.