மழையும் கத்திரியும் தாண்டாத செடிக்குப் புதுப் பெயர் வேண்டாம்

புதிய பூச்செடி ரகங்கள் குறித்து முடிச்சூர் வட்டார வீட்டுத் தோட்டக்காரர்களின் நிலைப்பாட்டு அறிக்கை

முடிச்சூர், வரதராஜபுரம், மணிமங்கலம் சாலைப் பக்கம் மொட்டைமாடியிலும் முன்வாசலிலும் பூச்செடி வளர்ப்பவர்கள் சேர்ந்தது எங்கள் சங்கம். எங்களில் சிலர் செம்பருத்தியிலும் ரோஜாவிலும் தாங்களே மகரந்தம் சேர்த்து, விதை எடுத்து, இதுவரை பார்க்காத நிறத்தில் பூ கண்டவர்கள். அந்தச் செடிக்கு எப்போது பெயர் வைப்பது, அதை யார் விற்பது, உரிமை யாருடையது என்பதில் எங்களுக்குள் நிறைய வாக்குவாதம் நடந்தது. முடிவில் தேறியது இதுதான்: ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு கத்திரி வெயிலையும் இந்த ஊரில் தாண்டாத எந்தச் செடியையும் புதிய ரகம் என்று சங்கம் ஏற்காது. பெயர் பெற்ற ரகத்தின் கட்டிங்கை அக்கம்பக்கத்து வீட்டுக்குத் தர மறுப்பதையும் ஏற்காது.

இப்படி ஒரு நிபந்தனை எதற்கு என்பது 2015 டிசம்பரில் இங்கே குடியிருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆதனூர்ப் பக்கமிருந்து அடையாறு பெருக்கெடுத்து வந்தபோது தரைத்தளமே மூழ்கியது. தோட்டத்தைப் பற்றி யார் நினைத்தார்கள்? அத்தனை பெரிய வெள்ளம் வராத ஆண்டிலும் ஐப்பசி, கார்த்திகையில் பல மனைகளில் தண்ணீர் நிற்கிறது. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது. அது வடிந்து நாலைந்து மாதத்தில் கத்திரி. பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பேறி, தொட்டி விளிம்பில் வெள்ளை படிகிறது. ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லாரியில் வந்து இறங்கும் ஒட்டு ரோஜா, வாங்கும் நாளில் நான்கு பூவோடு சிரிக்கும். மே மாதத்தில் மேல் கிளை காய்ந்துவிடும். ஒட்டுக்குக் கீழே இருக்கும் காட்டு வேர்ச்செடி மட்டும் துளிர்த்து வரும். விவரம் தெரியாதவர்கள் செடி பிழைத்துவிட்டது என்று அதற்கே வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதைச் செடியின் குற்றம் என்று சொல்ல முடியாது. இன்று கடைகளில் கிடைக்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தோட்டங்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. பனிக்காலத்தில் உறங்கி வசந்தத்தில் எழுவது அவற்றின் இயல்பு. உறங்கவே விடாத ஊரில் அவை என்ன செய்யும்?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் உழைத்தவர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார். கொடைக்கானலில் வாழும் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.எஸ். வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும் வெப்பநாட்டுக்கென்றே ரோஜாக்களை உருவாக்கி வருகிறார்கள். அவர்கள் முக்கியமாகக் கையில் எடுத்தவை இரண்டு காட்டு ரோஜாக்கள். ஒன்று மணிப்பூர் மலைகளில் மரங்களின் மேல் ஏறிப் படரும் ரோசா ஜைஜாண்டியா. இன்னொன்று ரோசா கிளினோபில்லா. ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் வளர்வது; வெள்ளம் வந்து மூழ்கினாலும் தாங்குவது. முடிச்சூர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதை வேறு இருக்க முடியாது! பூவின் அழகை நவீன ரோஜாவிலிருந்தும், உழைக்கும் உடம்பை இந்தக் காட்டு ரோஜாக்களிலிருந்தும் எடுத்துச் சேர்ப்பது அவர்கள் வழி. எங்கள் கொள்கைக்கு அடிப்படை அந்த வழிதான். நிறத்தை முதலில் பார்க்காதே, செடி இந்த மண்ணில் நிற்குமா என்று முதலில் பார்.

அவர்கள் தங்கள் ரோஜா ஒன்றுக்கு ஈ.கே. ஜானகி அம்மாளின் பெயரை வைத்தார்கள். சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-இல் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து நூலாக்கியவர் ஜானகி அம்மாள். இங்கிலாந்தில் விஸ்லி தோட்டத்தில் கால்ச்சிசின் மருந்திட்டு மக்னோலியாச் செடிகளில் ஆய்வு செய்தார். அங்கே ஒரு மக்னோலியா இன்றும் அவர் பெயரில் பூக்கிறது. அப்படிப்பட்டவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்தது மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில். 1984-இல் அங்கேயே காலமானார். நம் பக்கத்திலிருந்து பைபாஸ் ஏறினால் போய்ச் சேரும் மதுரவாயல்தான். செடி ஆராய்ச்சி என்றால் வெளிநாடு, இல்லாவிட்டால் ஊட்டி என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

வீட்டில் தொடங்குபவர்களுக்குச் செம்பருத்தியைச் சிபாரிசு செய்கிறோம். பூ பெரியது, உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும், கை நடுங்கினாலும் பரவாயில்லை. காலையில் மலர்ந்த பூவின் நடுத்தண்டில் மகரந்தம் பொடியாக ஒட்டியிருக்கும். தண்டின் நுனியில் வெல்வெட் பொட்டு போல ஐந்து சூல்முடிகள். ஒரு செடியின் பொடியை மற்றொன்றின் அந்த ஐந்து பொட்டுகளிலும் தடவி, காம்பில் நூல் கட்டி, தாய் எது, தந்தை எது என்று சீட்டில் எழுத வேண்டும். எல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். மார்கழி, தையில் செய்தால் காய் நிற்க வாய்ப்பு அதிகம். சித்திரையில் செய்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். காய் முற்றிப் பழுப்பாகி வெடிக்க ஒன்றரை, இரண்டு மாதம். விதையிலிருந்து முதல் பூவைப் பார்க்கச் சாதாரணமாக ஒரு வருடமாவது ஆகும். ஒரே காயிலிருந்து வந்த பத்து நாற்றும் பத்து விதமாகப் பூக்கும். அதில் ஒன்பதைத் தூக்கி எறிய மனசு வர வேண்டும். பலருக்கு வருவதில்லை. சங்கத்தில் சண்டை தொடங்குகிற இடமும் இதுதான்.

முதல் பூவைப் படம் எடுத்து, பேத்தியின் பெயரைச் சூட்டி, மறுவாரமே விலைக்குக் கொடுப்பது வழக்கமாகி வருகிறது. அந்தச் செடி மாவுப்பூச்சியைத் தாங்குமா, கட்டிங் வேர் பிடிக்குமா, இரண்டாம் வருடமும் அதே நிறம் வருமா, எதுவும் தெரியாது. ஆகவே சங்கம் கேட்பது மூன்று வீட்டுச் சோதனை: ஒரு கட்டிங் போர் தண்ணீர் ஊற்றும் மாடிக்கு, ஒன்று குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு, ஒன்று மழைநீர் நிற்கும் தரைக்கு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பாரிமுல்லையையும் கோ.1, கோ.2 பிச்சியையும் முதல் பூ பார்த்த வாரமே வெளியிட்டுவிடவில்லை. அங்கே பெயராக வைப்பதும் பல நேரம் வெறும் எண்தான். அந்த அடக்கம் நமக்கும் கொஞ்சம் வேண்டும்.

பழைய செடிக்குப் புதுப் பெயர் ஒட்டி விற்பதை மோசடி என்றே சொல்கிறோம். ஒரே அடுக்குச் செம்பருத்தி மூன்று கடையில் மூன்று பெயரில், மூன்று விலையில் கிடைப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றில் நாங்கள் கறாராக இருக்கிறோம். தானாக விதை சிதறியோ, துண்டு துண்டாக மிதந்தோ வெளியே பரவும் எந்த அலங்காரச் செடியிலும் இனவிருத்தி வேலையைச் சங்கம் ஆதரிக்காது. ஏரிகளில் பொக்லைன் வைத்து அள்ளும் ஆகாயத்தாமரை, ஊதாப் பூவுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. காடுகளைப் போர்த்திய உண்ணிச்செடியும் தோட்ட அழகுக்கு வந்ததே. முதுமலையில் பரவிய சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரத்தை அகற்றுவதற்கு அரசு இப்போது செலவழித்துக்கொண்டிருக்கிறது. அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. நம் தெருத் தண்ணீர் ஏரிக்கும் அடையாற்றுக்கும் போகிறது. தொட்டியில் தப்பியது கடல் வரை போகும். இந்தக் கண்ணோட்டத்தில் விதை பிடிக்காமை ஒரு குணம். டெல்லி கனகாம்பரம் மும்மடியச் செடி, விதையே பிடிக்காது, கட்டிங்கில்தான் பெருக்க வேண்டும். அதனால் அதன் மதிப்பு குறைந்தா போயிற்று?

இனி உரிமை. 2001-ஆம் ஆண்டுத் தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, தனித்தன்மை, ஒருபடித்தான தன்மை, நிலைத்தன்மை மூன்றும் நிரூபிக்கப்பட்ட ரகத்தைப் பதிவு செய்யலாம். மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டு, மற்றவற்றுக்கு 15 ஆண்டு பாதுகாப்பு. உழவர்களுக்குக் கட்டணம் கிடையாது. பதிவு பெற்ற ரகத்தையும் உழவர் சேமிக்கலாம், பகிரலாம், பிராண்ட் பெயர் போடாமல் விற்கலாம். தகுதியுள்ள உறுப்பினர் பதிவு செய்ய விரும்பினால் சங்கம் துணை நிற்கும். ஆயிரக்கணக்கில் பெருக்கி விற்கும் நர்சரி, உருவாக்கியவருக்குப் பணம் கொடுத்தே தீர வேண்டும்.

பட்ட பாட்டுக்குப் பலன் வேண்டாமா என்று கேட்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. வேர் பிடித்த செடியை விலைக்குக் கொடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிளை கேட்டால் உரிமையைக் காட்டி மறுக்க வேண்டாம். வெள்ளம் வந்தால் ஒரு வீட்டுச் செடி போகும். பத்து வீட்டில் இருந்தால் ஒன்றாவது மிஞ்சும். ரகத்தைக் காப்பதற்கு இதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியவில்லை. இதில் உடன்படாமல் இரண்டொருவர் விலகினாலும் சங்கம் இந்த நிலையிலிருந்து இறங்காது.

வீட்டில் விதை போட்டு வளர்த்த செடி வைத்திருப்பவர்கள், தாய் தந்தை விவரம் எழுதிய சீட்டுடன் மூன்று கட்டிங்குகளை ஆவணிக்குள் சங்கத்தில் கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடித்தாக வேண்டும். பெயரை அடுத்த ஆண்டு கத்திரி முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.