மூடின பெட்டியும் அரைப்பேரும்

லபுபு பொம்மை மூடின பெட்டியில் வருது. எந்த உருவம் கிடைக்கும் என்று தெரியாமல் வாங்குவதில்தான் கிக்காம். சரி, தெரியாதது யாருக்கு? பாப் மார்ட் கம்பனிக்கு எல்லாம் தெரியும். சில தொடர்களில் 72 பெட்டிக்கு ஒரு 'சீக்ரட்' என்று கணக்குப் போட்டுத்தான் விற்கிறார்கள். தெரியாதது வாங்குகிற நமக்கு மட்டும்தான்.

"சும்மா ஜாலிதானே" என்பீர்கள். தீனி எப்போது விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்தும் என்று ஸ்கின்னர் எப்போதோ காட்டிவிட்டார். சூதாட்ட மெஷினும் அதே வேலையைத்தான் செய்யுது. பாப் மார்ட்டின் சொந்த நாடான சீனாவே 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டிகளை விற்கக்கூடாதென்று 2023இல் சொல்லிவிட்டது.

ஹேவாஹெட்ட தோட்டப் பிள்ளைகளுக்கு சர்ப்ரைஸ் புதுசா? இன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பது கொழுந்து நிறுக்கிற நேரம்தான் அம்மாவுக்கே தெரியும். நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024 செப்டம்பரில்தான், அதுவும் எத்தனை வருசப் போராட்டத்துக்குப் பிறகு! அந்தக் காசைக் கண்டி டவுனுக்குக் கொண்டுபோய் ஏன் மூடின பெட்டிக்குக் கொடுக்கணும்?

நாளைய சோறு உறுதியானவர்களுக்கு நிச்சயமின்மை விளையாட்டு. நாம் அதில்தான் வாழ்கிறோம். காசு கொடுத்து இன்னும் வாங்கத் தேவையில்லை. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் காசு பையிலேயே இருக்கட்டும்.