சிலுவை யாருடைய கடனைத் தீர்த்தது?

ஏசுநாதர் எதற்காக மாண்டார் என்பது கோவிலுக்குள் பேச வேண்டிய விஷயம், தொழிலாளர் பத்திரிகைக்கு அதில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கடனாநதிப் பாசனத்தில் நாற்று நடுகிற பெண்களிலும், ஆழ்வார்குறிச்சி, கடையம் பக்கம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர்களிலும், விக்கிரமசிங்கபுரத்து மில்லில் ஷிப்டுக்குப் போகிறவர்களிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் கேட்டுவிட்டு வரும் பிரசங்கம், மறுநாள் கூலி கேட்டு நிற்கும்போதும் மனசுக்குள் இருக்கும். ஆகவே அந்தச் சாவுக்குச் சொல்லப்படும் அர்த்தம் கூலி விவகாரத்துக்குள்ளும் வந்துவிடுகிறது.

கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை இங்கே நாம் எடுக்கவில்லை. அதில் நமது கருத்து எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரே சாவுக்குக் கிறிஸ்தவர்களே பல அர்த்தங்கள் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று மட்டும் ஏழையின் காதில் திரும்பத் திரும்ப ஓதப்படுவது ஏன்? இதுதான் நம் கேள்வி.

கி.பி. 325இல் நைசியாவில் பிஷப்புகள் கூடி, ஏசு யார் என்பதற்கு விசுவாச அறிக்கை வகுத்தார்கள். அவருடைய சாவு மனிதனை எப்படி மீட்கிறது என்பதற்கு அப்படி எல்லாச் சபைகளையும் கட்டுப்படுத்தும் ஒரே விளக்கத்தை எந்தப் பொதுச் சங்கமும் வகுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு காலமும் தன் கண்ணெதிரே கண்ட உலகத்திலிருந்து உவமையை எடுத்துக்கொண்டது.

முதல் நூற்றாண்டுகளில் ரோம ராஜ்யத்தில் அடிமைச் சந்தை நடந்தது. விலை கொடுத்து அடிமையை விடுவிப்பது அன்றாடம் பார்த்த காரியம். மனிதன் சாத்தானிடம் அடிமைப்பட்டுக் கிடந்தான், ஏசுவின் உயிரே அவனை மீட்ட கிரயம் என்றார்கள். 'மீட்பு' என்ற நம் சொல்லிலும் அந்த வாடை இருக்கிறது. அடகு வைத்த கம்மலை மீட்க அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் உலகம் மாறியிருந்தது. மேலே பிரபு, கீழே பண்ணையடிமை. கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஆன்செல்ம் 1098இல் முடித்த நூலில் வேறு கணக்குப் போட்டார். பாவம் என்பது கடவுளின் கௌரவத்துக்குச் செய்த பங்கம். அதற்கு ஈடு செலுத்தியாக வேண்டும். அவமதிக்கப்பட்டவர் எவ்வளவு பெரியவரோ ஈடும் அவ்வளவு பெரிது. மனிதனால் முடியாததால் கடவுளே மனிதனாகி உயிரைக் கொடுத்து அதைச் செலுத்தினார். சிங்கம்பட்டி, ஊர்க்காடு ஜமீன்கள் இருந்த சீமை இது. நமக்கு இந்தத் தத்துவம் புரியாமல் போகாது. பெரிய மனிதர் முன்னால் தோளில் துண்டோடு போனதற்கு அபராதம் கட்டிய கதை நம் கிராமங்களில் ஏராளம். குற்றம் எவ்வளவு என்று அங்கே பார்ப்பதில்லை, யாரிடம் செய்தாய் என்றுதான் பார்ப்பார்கள். 1948ஆம் வருஷத்துச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. ஜமீன்தாரைப் போலக் கடவுளை நினைக்கிற பழக்கத்தை ஒழிக்க எந்தச் சட்டசபையாலும் முடியவில்லை. (ஆன்செல்முக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனிதன் மேல் சாத்தானுக்குப் பாத்தியதை உண்டு என்ற பழைய பேச்சை அவர் ஏற்கவில்லை.)

அவருக்கு அடுத்த தலைமுறையில் பாரிஸ் நகரத்து அபெலார்ட் வேறு பக்கம் சாய்ந்தார். அந்தச் சாவில் தெரிவது அன்பு, அதைக் கண்டவன் நெஞ்சு மாறி அதே அன்பில் நடப்பதுதான் மீட்பு என்பது அவர் எண்ணம். பதினாறாம் நூற்றாண்டில் சட்டம் படித்த கால்வின் போன்றவர்கள் கையில் உவமை கோர்ட்டுக்கு மாறியது. குற்றவாளிக் கூண்டில் மனிதன். அவனுக்கு விதித்த தண்டனையை நிரபராதி ஏற்றுக்கொண்டார்.

அதே நூற்றாண்டில் ஜெர்மனியில் நடந்ததையும் தொழிலாளர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1525இல் குடியானவர்கள் பிரபுக்களை எதிர்த்து எழுந்தார்கள். மார்ட்டின் லூதர் பிரபுக்கள் பக்கம் நின்று, குடியானவர்களை அடக்கச் சொல்லி எழுதினார். தாமஸ் முன்ட்சர் என்ற பாதிரியார் குடியானவர்களோடு நின்றார். லூதர் காட்டுவது தேன்போல் இனிக்கும் கிறிஸ்து, உண்மைக் கிறிஸ்து கசப்பானவர், அவர் போன வழியில் போகிறவனுக்கே அவரைத் தெரியும் என்பது முன்ட்சரின் வாதம். அவர் தலையை வெட்டினார்கள். சிலுவை இருவருக்கும் ஒன்றுதான். யார் வயலில் நின்று அதைப் பார்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நம் திருநெல்வேலிச் சீமைக்குச் சீர்திருத்தச் சபைப் பாதிரிமார் பெரும்பாலும் கொண்டுவந்தது அந்தக் கோர்ட்டு விளக்கத்தையே. ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். பள்ளிக்கூடம் கட்டினார்கள், பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதை மறைப்பது நன்றி கெட்டதனம். கரையிருப்பில் 1827இல் வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தை 1894இல் வெளியிட்டார். அது ஜான் பன்யனின் ஆங்கிலக் கதையைத் தழுவியது. பன்யன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்த்த தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தவர். அவர் கதையில் யாத்திரைக்காரனின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. மூட்டை தூக்குகிறவனுக்குச் சட்டென்று பிடிபடும் உவமை! ஆனால் கழன்றது பாவச் சுமை. களத்து நெல் மூட்டை முதுகிலேயே இருக்கிறது.

கத்தோலிக்கரிடம் நடந்ததையும் பார்ப்போம். இதே ஜில்லாவின் தெற்கே வடக்கன்குளத்துக் கோவிலில் வெள்ளாளக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கம், நாடார் கிறிஸ்தவர்களுக்கு மறுபக்கம், நடுவே தடுப்பு. பீடம் ஒன்று, பலி ஒன்று, பார்ப்பதற்கு இடம் இரண்டு. 1910இல் தடுப்பை இடித்தார்கள். உடனே வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை ஐகோர்ட் வரை போன அந்த வழக்கில் ஜாதிப் பாத்தியதை நிலைக்கவில்லை. எல்லோருக்காகவும் ஒருவர் செத்தார் என்று முழங்காலில் நின்று ஒப்புக்கொண்டவர்கள், எழுந்து நின்று அந்த 'எல்லோருக்கும்' நடுவே தடுப்பு வேண்டும் என்று பீஸ் கட்டி வாதாடினார்கள். நாயனக்காரனுக்கு நடுவீதியிலும் சேரிக்காரனுக்கு ஊர்க்கோடியிலும் கல்லறை வைக்கிற ஊர்கள் இன்றும் இல்லாமல் போகவில்லை.

இந்தக் கணக்குகளையெல்லாம் மறுத்து யோசித்த தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் ஒருவரை நம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். வெங்கல் சக்கரைச் செட்டியார். 1880இல் சென்னையில் பிறந்தார். 1903இல் ஞானஸ்நானம் பெற்றார். வக்கீல். 1932இல் சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் பற்றித் தனி நூலே எழுதினார். வக்கீலாக இருந்தும் சிலுவையை அவர் கோர்ட்டுக் கணக்காகப் பார்க்கவில்லை என்பது விசேஷம். கடவுளும் தன்னைக் கைவிட்டார் என்று கதறும் அளவுக்குத் தன்னை முழுக்க வெறுமையாக்கிக் கொண்ட மனிதனையே அங்கே கண்டார். அவருடைய மைத்துனர் செஞ்சையா இன்னும் ஒரு படி மேலே போனார். பழைய கடனைத் தீர்ப்பது பெரிய காரியமில்லை, ஏசுவோடு புது மனிதன் பிறந்தான் என்பதே சேதி என்றார். 1938இல் தாம்பரத்தில் உலகப் பாதிரிமார் மாநாடு கூடியபோது, இவர்களும் நண்பர்களும் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிக்க வேண்டுமென்று ஒரு புத்தகமே போட்டார்கள்.

இதே சக்கரைச் செட்டியார் திரு.வி.க., சிங்காரவேலர் காலத்திலிருந்து சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் நின்றவர். 1941இல் சென்னை மேயர். 1950களில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவர். 1958இல் காலமானார். நாத்திகர்கள் நிறைந்த ஸ்தாபனம் ஒரு விசுவாசியைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தது. சிலுவையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று யாரும் கேட்கவில்லை. கிறிஸ்தவன் சங்கத்துக்கு வரமாட்டான் என்று பேசுகிற நம் தோழர்களும், சங்கத்துக்குப் போனால் விசுவாசம் போய்விடும் என்று பயமுறுத்துகிற உபதேசிமாரும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

சரித்திரம் என்ன சொல்கிறது? சிலுவை என்பது ரோம சர்க்காரின் தண்டனை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் விசேஷமாக விதித்தது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகள் தோற்றதும், கி.மு. 71இல் சுமார் 6,000 பேரை ராஜபாட்டை நெடுகச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். ஏசுவுக்குத் தீர்ப்புச் சொன்னவன் ரோமக் கவர்னர் பிலாத்து. தலைக்கு மேல் எழுதி வைத்த குற்றம், ராஜா என்று சொல்லிக்கொண்டான் என்பது. அதற்குச் சில நாள் முன்னால்தான் எருசலேம் ஆலயத்தில் காசுக்கடைக்காரர்களின் பலகைகளைக் கவிழ்த்திருந்தார். இவை சுவிசேஷப் புத்தகங்களிலேயே இருப்பவை. எங்கெல்ஸ் 1894இல் ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதியபோது, அவர்களை நவீனத் தொழிலாளர் இயக்கத்தோடு ஒப்பிட்டது சும்மா இல்லை.

இந்த இழையைப் பிடித்துக்கொண்டுதான் தலித் கிறிஸ்தவ அறிஞர்கள் பேசத் தொடங்கினார்கள். அர்விந்த் நிர்மல் 1981இல் பெங்களூரில் ஆற்றிய சொற்பொழிவில் அதற்கு அடிகோலினார். பின்னர் சென்னை குருகுல் கல்லூரியில் தலித் இறையியலுக்கென்று தனித்துறை நடத்தினார். தலித் என்றால் நொறுக்கப்பட்டவன். சிலுவையில் நொறுங்கிய உடல் அவனுடையது என்றார் நிர்மல். ஆன்செல்மின் ஜமீன் கடவுளை விட இது நமக்கு ஆயிரம் மடங்கு நெருக்கம். ஆனாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அவரும் நம்மோடு வலிப்படுகிறார் என்பதோடு நின்றுவிட்டால், வலிக்குத் துணை கிடைத்ததே தவிர வலி தீரவில்லை.

'உன் சிலுவையைச் சுமந்துகொள்' என்று சொல்லி, அரைக் கூலியையும் குடிகாரக் கங்காணியின் ஏச்சையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பிரசங்கம் எல்லாவற்றிலும் மோசம். அந்தக் காலத்தில் சிலுவை சுமந்தவன் யார்? ஆளுகிறவனை எதிர்த்து மாட்டிக்கொண்டவன். எதிர்க்காமல் அடங்கிக் கிடந்தவனுக்கு ரோமாபுரி சிலுவை கொடுத்ததில்லை.

சபைகள் உண்மையில் சுமக்க வேண்டிய ஒன்று கண்முன் கிடக்கிறது. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு, இந்துவாக இல்லாதவனுக்கு ஷெட்யூல்டு ஜாதி உரிமை கிடையாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனையும் முஸ்லிமையும் வெளியிலேயே நிறுத்தினார்கள். சேர்க்கலாம் என்றது 2007இல் சமர்ப்பிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் அறிக்கை. 2022இல் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். அதே தெரு, அதே வயல், அதே ஏச்சு. ஞானஸ்நானம் வாங்கிய அண்ணனுக்குச் சர்டிபிகேட் இல்லை, வாங்காத தம்பிக்கு உண்டு. இந்தக் கோரிக்கையைச் சபைத் தலைவர்கள் மட்டும் பேசினால் மத விவகாரமாகத் தெரியும். இந்துக் கூலிக்காரனும் சேர்ந்து கேட்க வேண்டும். அதற்கு விவசாயத் தொழிலாளர் சங்கம்தான் இடம்.

கடைசியாக ஒரு சாவு. திருச்சி ஜில்லா விரகாலூரில் 1937இல் பிறந்த ஸ்டான் சாமி பாதிரியார், ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணையின்றிச் சிறையில் கிடந்த அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் உழைத்தார். 2020 அக்டோபரில் உபா சட்டத்தில் கைது செய்தார்கள். நடுக்குவாதம்; டம்ளரைப் பிடிக்க முடியாத கை. உறிஞ்சிக் குடிக்க ஒரு குழல் கேட்டுக் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5இல், 84ஆம் வயதில், விசாரணைக் கைதியாகவே மாண்டார். அவர் யார் கடனையும் தீர்க்கச் சாகவில்லை. யாருடைய கௌரவத்துக்கும் ஈடு செலுத்தவில்லை. யார் பக்கம் நின்றார் என்பதற்காகச் சிறையில் போட்டார்கள்.

ஆழ்வார்குறிச்சி வட்டாரத்துக் கிறிஸ்தவத் தோழர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த பெரிய வெள்ளிக்கு முன்னால் உங்கள் ஐயரையோ உபதேசியாரையோ பார்த்து, பிரசங்கத்தில் அந்தக் கிழவருக்காக ஐந்து நிமிஷம் ஒதுக்கும்படி கேளுங்கள். சங்க நிர்வாகிகளுக்கும் ஒன்று: அன்றைக்குப் பகலில் கமிட்டிக் கூட்டம் வைக்காதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வைத்தால் அவர்களும் வருவார்கள்.